பாரிஸ் சீமாட்டியும் நம் வீட்டுப் பாட்டியும்
(ஓர் ஓவியப் பாடம்)

வாஷியில் எங்கள் வீட்டு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில், நம் தமிழ்க் குழந்தைகள் சிலருக்கு ஓவியம் கற்றுத் தந்து வருகிறேன். சில மாதங்களாக அவர்களுக்கு நான் கொடுத்துவரும் பாடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரப் பாணியில் உடுத்திய பெண்களை வரைவது. அகன்ற தொப்பி, முழங்கை வரை கையுறை, தரையைத் தொடும் பட்டு அங்கி, கையில் விசிறி என்று குழந்தைகள் உற்சாகமாக வரைகிறார்கள். ஆனால் பெற்றோர்கள் சிலருக்கு மனத்தாங்கல். "பிள்ளையார் இருக்கு, கோலம் இருக்கு, கிராமத்துக் காட்சி இருக்கு. நம்ம குழந்தைங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்தப் பாரிஸ் சீமாட்டி?" என்று ஒரு தாயார் கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கு விடையாகவும், வீட்டில் தாமே வரைந்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு பாடமாகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த உடை மாறிய கதை

வரைவதற்கு முன் உடையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய 1900-ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகள் கார்செட் என்னும் இறுக்குக் கச்சை அணிந்தார்கள். அது மார்பை முன்னே தள்ளும், இடுப்பைப் பின்னே தள்ளும். பக்கவாட்டில் பார்த்தால் உடம்பு ஆங்கில எழுத்து எஸ் போல வளைந்திருக்கும்.

பால் புவாரே என்ற பாரிஸ் உடையமைப்பாளர் 1903-இல் சொந்தக் கடை தொடங்கினார். 1906 வாக்கில் கச்சு இல்லாத உடைகளைத் தைக்கலானார். இடுப்பைப் பிடிக்காமல் மார்புக்குக் கீழிருந்தே துணி நேராக இறங்கும். பெண் ஒரு தூண் போலத் தெரிவாள். இது முற்றிலும் புதியதன்று. அதற்கு நூறாண்டுகளுக்கு முன், பிரெஞ்சுப் புரட்சியை அடுத்த காலத்தில், பாரிஸ் பெண்கள் இத்தகைய உயர்ந்த இடுப்புக் கோட்டுடன் மெல்லிய அங்கிகளை அணிந்தார்கள். அந்த அங்கிகளுக்கு விரும்பி வாங்கப்பட்ட துணிகளில் ஒன்று நம் வங்காளத்து மஸ்லின். புவாரே தம் உடைகளோடு பெண்களுக்குத் தலைப்பாகையும் அணிவித்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு வியந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். பாரிஸ் பாணி என்று நாம் அண்ணாந்து பார்ப்பதில் நம் வீட்டு நூலும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் உடை மறுபடி மாறியது. 1920-களில் இடுப்புக் கோடு கீழே இறங்கி இடுப்பெலும்பில் உட்கார்ந்தது. 1926, 1927 வாக்கில் பாவாடையின் கீழ் ஓரம் முழங்கால் வரை ஏறியது. மதலேன் வியோனே என்ற பெண்மணி துணியைக் குறுக்குவாட்டில், அதாவது நூலோட்டத்துக்கு 45 பாகை சாய்வில், வெட்டித் தைத்தார். அப்படி வெட்டிய துணி இழுபட்டு உடம்போடு வழிந்து இறங்கும். 1930-களின் மாலை உடைகளில் இந்த வழிவைக் காணலாம்.

நிறத்தைக் காப்பாற்றியவர்கள்

இந்த உடைகள் எல்லாம் நமக்கு இன்று இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் ஓவியர்கள். புவாரே தம் உடைகளை வரைய 1908-இல் பால் இரீப் என்பவரையும், 1911-இல் ஜார்ஜ் லெபாப் என்பவரையும் அமர்த்தி அழகிய படத்தொகுப்புகளை வெளியிட்டார். 1912 முதல் 1925 வரை 'கசெட் து போன் தோன்' என்ற பத்திரிகை, இடையில் போர்க்காலத்தில் நின்றாலும், இத்தகைய படங்களைத் தாங்கி வந்தது.

இப்படங்கள் 'போஷ்வார்' என்ற முறையில் நிறம் பெற்றவை. ஓவியத்தின் கோடுகளை முதலில் அச்சிட்டு விடுவார்கள். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை வெட்டி, அதைத் தாளின் மேல் வைத்து, வெட்டிய இடத்தில் தூரிகையால் கையாலேயே நிறம் ஏற்றுவார்கள். நம் ஊர்ச் சந்தைகளில் துளையிட்ட தகட்டின் மேல் ரங்கோலிப் பொடியைத் தூவினால் கோலம் விழுகிறதே, அதே தத்துவம்தான். அச்சு மையைவிட இவ்வண்ணம் கனமாகவும் தெளிவாகவும் நிற்கும். எந்த ஆண்டில் எந்தக் கடையின் உடை என்ன நிறத்தில் இருந்தது என்பதற்கு அப்படங்களே சாட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது நமக்கு வேண்டியிருக்கும்.

பம்பாய்க்கு வந்த பாணி

பாரிஸின் சாயல் நம் பம்பாய்க்கும் வந்தது. பார்சிப் பெண்மணிகள் சேலையை விடவில்லை. ஆனால் ரவிக்கையில் பிரெஞ்சு லேஸ் ஏறியது. சீனத்துப் பூவேலை செய்த காரா சேலையும், ஐரோப்பிய லேஸும், வெள்ளை முத்தும் ஒரே உருவத்தில் கூடின. பெஸ்தோன்ஜி பொமான்ஜி (1851–1938) பார்சிக் குடும்பத்துப் பெண்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவரே இளமையில் ஜே.ஜே. ஓவியப் பள்ளி மாணவராக அஜந்தா குகைச் சித்திரங்களைப் படியெடுத்தவர்களில் ஒருவர். அதே பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராக உயர்ந்த எம்.வி. துரந்தர் (1867–1944) பம்பாய்த் தெருக்களில் நடமாடிய பல சமூகத்துப் பெண்களை, அவரவர் சேலைக்கட்டு மாறாமல் வரைந்தார். ஆட்டோ ராத்ஃபீல்ட் என்பவர் 1920-இல் வெளியிட்ட இந்தியப் பெண்கள் பற்றிய நூலுக்கு வண்ணப் படங்கள் வரைந்தவரும் அவரே.

பிரான்சில் நெய்த ஷிஃபான் துணியைச் சேலையாக உடுத்தும் வழக்கத்தைப் பரப்பியவர் என்று கூச்பிகார் மகாராணி இந்திரா தேவியைச் சொல்வார்கள். பரோடா அரச குடும்பத்தில் பிறந்தவர் அவர். இன்று வாஷி கடைகளில் தொங்கும் ஷிஃபான் சேலைக்கும் பாரிஸுக்கும் இப்படி ஒரு உறவு உண்டு.

இனிப் பாடம்

தேவையானவை: எச்.பி., 2பி பென்சில்கள், சற்றுக் கனமான கார்ட்ரிட்ஜ் தாள், போஸ்டர் கலர், ஒரு தட்டையான தூரிகை, ஒரு கூரிய தூரிகை.

1. நிற்பது. தொண்டைக் குழியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுங்கள். ஒரு காலில் ஊன்றி நிற்பவளுடைய ஊன்றிய பாதம் அந்தக் கோட்டின் கீழே வர வேண்டும். ஊன்றிய பக்கத்து இடுப்பு உயரும். அந்தப் பக்கத்துத் தோள் தாழும். இது சரியாக வந்துவிட்டால் பாதி நளினம் வந்துவிட்டது. வராவிட்டால் எத்தனை லேஸ் வைத்தாலும் பொம்மை விழுந்துவிடும்.

2. உயரம். சாதாரண மனித உருவம் ஏழு அல்லது ஏழரைத் தலை உயரம். பாணிப் படங்களில் கால்களை நீட்டி எட்டு, ஒன்பது தலைக்குக் கொண்டுபோவார்கள். குழந்தைகள் முதலில் ஏழரைத் தலையில் பழகட்டும். நீட்டுவதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

3. உருவக் கோடு. கண், மூக்கு வரையாமல் உடையின் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள். 1900 என்றால் எஸ் வளைவு. 1910 என்றால் தூண். 1925 என்றால் இடுப்பு தாழ்ந்த நீள்சதுரம். 1935 என்றால் உடம்போடு வழியும் கோடு. வெளிக்கோட்டைப் பார்த்தே ஆண்டைச் சொல்ல முடிய வேண்டும்.

4. மடிப்பு. துணிக்குத் தானாக வடிவம் கிடையாது. அது எங்கே தொங்குகிறதோ அந்த இடம்தான் வடிவம் கொடுக்கிறது. சுவரில் ஓர் ஆணியில் துப்பட்டாவை மாட்டுங்கள். மடிப்புகள் எல்லாம் அந்த ஒரு புள்ளியிலிருந்து விசிறியாக இறங்கும். இரண்டு ஆணிகளில் மாட்டினால் நடுவில் தோரணம் போலத் தொய்யும். தோள், மார்பு, இடுப்பு, முழங்கால் ஆகியவைதாம் உடம்பில் உள்ள ஆணிகள். ஒவ்வொரு மடிப்பும் எந்த ஆணியிலிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே வரையுங்கள். துணிக்குத் துணி மடிப்பும் மாறும். ஷிஃபானில் மெல்லிய மடிப்புகள் பல. உள்ளே இருக்கும் தோலின் நிறம் ஊடே தெரியும். பட்டில் மடிப்புகள் சில. முனைகள் கூர்மையாக உடையும், வெளிச்சம் பளிச்சென்று விழும்.

5. நிறம் ஏற்றுதல். பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவிக் காயவைத்து, அதில் உடையின் வடிவத்தைப் பெரியவர்கள் வெட்டித் தரட்டும். தாளின் மேல் அதை அழுத்திப் பிடித்து, தண்ணீர் குறைவாகக் கலந்த போஸ்டர் கலரைச் சிறு பஞ்சுத் துண்டால் ஒற்றி எடுங்கள். வீட்டிலேயே போஷ்வார் தயார். அங்கிக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு தகடுகள் போதும்.

தோலின் நிறம்

இங்கே ஒரு விஷயத்தை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் வண்ணப் பெட்டிகளில் 'ஸ்கின் கலர்' என்று ஒன்று இருக்கும். அது வெளிறிய ரோஜா நிறம். பாரிஸ் சீமாட்டிக்கு அது பொருந்தலாம். என் வகுப்பில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, சீமாட்டியை முடித்த கையோடு தன் பாட்டியையும் வரைந்து, அதே நிறத்தைப் பூசி, வீட்டுக்கு எடுத்துப் போனாள். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "யாருடி இது, எந்த ஊரு வெள்ளைக்காரி?" என்று கேட்டாராம். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிறுமி சிரிக்கவில்லை. "பாட்டி கலர் பெட்டியிலேயே இல்லையே, ஆண்ட்டி" என்றாள்.

அன்றைய வகுப்பு முழுவதும் பழுப்பு கலப்பதிலேயே போயிற்று. பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர் இரண்டையும் கலந்தால் ஒரு நல்ல அடிப்படைப் பழுப்பு வரும். நிழலுக்குக் கறுப்பைச் சேர்க்காதீர்கள், தோல் செத்துப்போகும். சிறிது நீலம் சேர்த்தால் நிழல் உயிரோடு இருக்கும். கன்னத்துக்கும் காது மடலுக்கும் கொஞ்சம் சிவப்பு. வெளிச்சம் விழும் இடத்தில் வெள்ளையைக் கொட்டாமல் ஆக்கரைக் கூட்டுங்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் கையைத் தாளின் பக்கத்தில் வைத்து, அந்த நிறம் வரும்வரை கலந்தது. பத்துக் குழந்தைகளுக்குப் பத்து நிறம் வந்தது.

நளினம் வெளுத்த தோலுக்கு மட்டும் உரியது என்று காலண்டர் படங்களும் விளம்பரங்களும் நம் பெண் குழந்தைகளுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதற்கு மறுப்பைப் பேச்சாகச் சொன்னால் குழந்தை கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். கையால் கலந்து பார்த்தால் நம்பும்.

பாரிஸில் கற்றவர் தெற்கே கண்டது

இதே வழியில் நடந்த ஒரு பெரிய ஓவியரைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அம்ரிதா ஷெர்கில் 1913-இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். தந்தை பஞ்சாபிச் சீக்கியர்; தாய் ஹங்கேரி நாட்டவர். 1929-இல் பதினாறு வயதில் பாரிஸ் சென்று ஓவியம் பயின்றார். 1932-இல் அவர் தீட்டிய 'இளம் பெண்கள்' என்ற படத்தில் நாகரிக உடை உடுத்தி நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அவருடைய தங்கை இந்திரா. பாரிஸ் கண்காட்சியில் அது பெரும் பாராட்டைப் பெற்றது.

1934 முடிவில் அவர் இந்தியா திரும்பினார். 1936-இல் பம்பாய் தாஜ் மகால் ஹோட்டலில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கிருந்து அஜந்தா, எல்லோரா பார்த்துவிட்டுத் தெற்கே கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். அதன் பலனாக 1937-இல் 'மணமகள் அலங்காரம்', 'பிரம்மசாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' ஆகிய மூன்று ஓவியங்கள் பிறந்தன. கரிய, பழுப்புத் தோலும், வெள்ளைத் துணியும், அமைதியான நிற்பும், இருப்பும் அவற்றில் இருக்கின்றன. லேஸ் இல்லை, தொப்பி இல்லை. ஆயினும் துணி எங்கே தொங்குகிறது, உடல் எடை எங்கே இறங்குகிறது என்ற பாரிஸ் பயிற்சி ஒவ்வொரு உருவத்திலும் தெரிகிறது. அதே 1937-இல் அவருடைய 'மூன்று பெண்கள்' படத்துக்குப் பம்பாய் ஓவியச் சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. 1941-இல் லாகூரில் காலமானபோது அவருக்கு வயது 28.

என்னைக் கேள்வி கேட்ட தாயாருக்கு என் விடை இதுதான். பாரிஸ் சீமாட்டி நமக்குப் பயிற்சிப் பலகை. கண் அங்கே பழகட்டும். பழகிய கண்ணோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஆல்பத்தைத் திறவுங்கள்

மாடுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்து, 1992-இல் மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் வந்த பிறகு கடற்கழி தாண்டிக் குடிவந்த குடும்பங்கள் நம்மில் பல. பெட்டியின் அடியில் ஒரு பழைய ஆல்பம் இருக்கும். மடிசார் கட்டிய மாடுங்கா பாட்டி இருப்பார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் தொழிலுக்கு வந்த குடும்பத்து ஆச்சி, பின்கொசுவம் வைத்துக் கட்டி, காதில் பாம்படம் தொங்க நிற்பார். ஸ்டூடியோக்காரர் வைத்த பூச்சாடியின் பக்கத்தில், புகைப்படக் கருவியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த நிற்பில் எவ்வளவு கம்பீரம்!

மேலே சொன்ன பாடத்தை அப்படியே இவர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். மடிசாரில் ஒன்பது கஜத் துணி காலிடையே போய்ப் பின்னால் செருகப்படுவதால் இடுப்புதான் பெரிய ஆணி. ஐயர் வீட்டுக் கட்டில் தலைப்பு வலது தோளில் வரும். ஐயங்கார் வீட்டுக் கட்டில் இடது தோளில் வரும். பின்கொசுவத்தில் மடிப்புகள் முதுகுப்புறம் விசிறியாக விரியும். பாம்படத்தின் எடையால் காது மடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக்கூடத் தொங்கும் துணியைப் பார்த்த கண்ணால் பார்க்க வேண்டும். 'வாஷிங்டனில் திருமணம்' தொடரில் அமெரிக்க மாமிகளுக்குச் சேலை கட்டிவிட்ட கோபுலுவின் கோடுகளை நினைத்துப் பாருங்கள். கட்டு தெரிந்த ஓவியரின் கை அது.

ஆனால் ஒரு பெரிய குறை. ஆல்பத்துப் படங்கள் கறுப்பு வெள்ளை. 1911-இல் ஒரு பாரிஸ் சீமாட்டி உடுத்திய அங்கியின் நிறம் நமக்குத் தெரியும். 1950-இல் கல்யாணக் கோலத்தில் நின்ற நம் பாட்டியின் கூறைப்புடவை என்ன நிறம் என்று அந்தப் படம் சொல்லாது. பாட்டிதான் சொல்ல வேண்டும். பாட்டி இல்லாவிட்டால் பெரியத்தை சொல்ல வேண்டும். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆளில்லை.

ஆகவே கேட்டு வாங்குங்கள். அவர்கள் சொல்லும் நிறப் பெயர்களே ஒரு செல்வம்: அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ, வாடாமல்லி, வெங்காயச் சருகு, எம்.எஸ். புளூ. அரக்குக்குக் கிரிம்சனில் பர்ன்ட் சியன்னா சேருங்கள். கிளிப்பச்சைக்கு எலுமிச்சை மஞ்சளில் துளி நீலம். மயில்கழுத்துப் பட்டில் பாவும் ஊடையும் வேறு வேறு நிறம்; அதனால் மடிப்பின் மேட்டில் பச்சையும் பள்ளத்தில் நீலமும் தீட்டினால் பட்டு மின்னும்.

அந்தப் பத்து வயதுச் சிறுமி இரண்டாம் முறை ஆல்பத்தைப் பார்த்து வரைந்தாள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "தலைப்பு இந்தத் தோள்டி, அந்தத் தோள் இல்லே" என்று திருத்தினார். புடவை என்ன நிறம் என்று பேத்தி கேட்டபோது, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை என்றாராம். கூடவே, அதைத் தன் அப்பா கும்பகோணத்தில் தவணையில் வாங்கிக் கொடுத்த கதையையும் சொன்னாராம். அக்கதை அவ்வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது.

வீட்டுப் பயிற்சி

ஒன்று: ஒரு துப்பட்டாவை ஓர் ஆணியிலும், பிறகு இரண்டு ஆணிகளிலும் மாட்டி, தலா ஒரு படம் பென்சிலில் வரைக.

இரண்டு: 1900, 1910, 1925, 1935 ஆகிய நான்கு உருவக் கோடுகளை ஒரே தாளில் வரிசையாக வரைக.

மூன்று: உங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து 1960-க்கு முந்தைய ஒரு பெண்ணின் படத்தை எடுத்து, ஏழரைத் தலை உயரத்தில் வரைந்து, பெரியவர்களிடம் நிறத்தைக் கேட்டுத் தீட்டுக. படத்தின் பின்புறம் அவர் பெயர், ஊர், ஆண்டு, சேலையின் பெயர், சொன்னவர் யார் என்பவற்றைத் தமிழில் எழுதுக.

மூன்றாவது பயிற்சியை மட்டுமாவது இந்தக் கோடை விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள். பெற்றோர்களே, குழந்தை தூரிகையோடு பாட்டியிடம் போய் உட்காரும்போது, தயவுசெய்து தொலைக்காட்சியைச் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். பாட்டிகள் மெதுவாகத்தான் சொல்வார்கள்.